இன்னொரு ஊரிலும் ஒரு பிரதி வையுங்கள்: குடியாத்தம் வட்டார ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கும், கல்யாண வீடியோ எடுக்கிறவர்களுக்கும், முகூர்த்த மாதங்களில் எடிட்டிங் சிஸ்டத்தின் முன் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் இந்த மடல்.

இந்தப் பகுதியின் எத்தனையோ குடும்பங்களின் முகங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது கூட்டத்தில் யார் நின்றார்கள், எந்த மண்டபத்தில் யார் யாருக்குத் தாலி கட்டினார், நெசவுத் தெருவில் எந்தப் பாட்டி பேத்தியின் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்பதெல்லாம் உங்கள் ஹார்ட் டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் உங்கள் கடைக்கு வருகிறார். 'நாலு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக் கல்யாணம் எடுத்தீங்களே, அதுல அப்பா தனியா நிக்கிற படம் ஒண்ணு இருக்கும்' என்கிறார். நீங்கள் தேடி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறீர்கள். மாலை போட்டுச் சுவரில் மாட்டுகிற படம் அப்படித்தான் பிறக்கிறது. அதனால்தான் இந்த மடலை டிஸ்க் விற்கிறவர்களுக்கோ கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டு மாடியிலோ கடையின் பின்னறையிலோ இருக்கும் அந்தப் பெட்டி, நீங்கள் நாஸ் என்றோ சர்வர் என்றோ சொல்லும் அந்தப் பெட்டி, நீங்கள் நம்புகிற அளவுக்குப் பத்திரமானது இல்லை.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கவலை இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. நெகட்டிவைக் கவரில் போட்டு, பில் நம்பர் எழுதி, ஸ்டுடியோ அலமாரியில் வைத்தார்கள். பிரிண்ட் போட்ட ஆல்பம் கல்யாண வீட்டுக்குப் போனது. யாரும் திட்டமிடாமலேயே ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதிகள், இரண்டு கட்டடங்களில் இருந்தன. வீட்டில் கரையான் அரித்தால் ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருந்தது. ஸ்டுடியோவை மூடிவிட்டால் வீட்டில் ஆல்பம் இருந்தது. டிஜிட்டல் வந்தபோது படங்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது, ஆனால் இருப்பிடம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுக்கிறீர்கள். ஆல்பத்தில் ஏறுவது முந்நூறோ நானூறோ. அதிலும் பாதி, டிசைனுக்காக ஓரம் வெட்டி, பின்னணி மாற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அச்சான பக்கங்கள். அந்தப் பக்கத்திலிருந்து தாத்தாவின் முகத்தைத் திரும்ப எடுக்க முடியாது. மற்ற இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களும், வெட்டாத வீடியோவும் உங்களிடம் மட்டுமே. ஃபிலிம் காலம் தானாகவே தந்த பாதுகாப்பை டிஜிட்டலில் நாம் கையால் செய்துகொள்ள வேண்டும். இதைத் தொழிலின் ஒரு பகுதியாகவே பெரும்பாலானவர்கள் இன்னும் எண்ணவில்லை என்பதுதான் என் குறை.

டிஸ்க் எப்படிச் சாகிறது என்பதற்கு நல்ல கணக்குகள் இருக்கின்றன. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பல வருடங்களாக வெளியிட்டுவரும் கணக்கின்படி, ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிலிருந்து இரண்டு டிஸ்க் வரை பழுதாகிறது. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் உங்கள் அலமாரியில் இருபது டிஸ்க் இருந்து, அவை பத்து வருடம் இருந்தால், சராசரியாக மூன்று போகும். அதுவும் குளிரூட்டிய அறையில், ஏற்ற இறக்கமில்லாத மின்சாரத்தில் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர்ச் சீமையில், கரண்ட் போய்ப் போய் வரும் கடையில், பைக் பையில் குலுங்கிக்கொண்டு மண்டபத்துக்கும் வீட்டுக்கும் போய்வரும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. சத்தம் வரும், மெதுவாகும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறீர்கள். கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு அதற்கு நேர்மாறானது. செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், டிஸ்க் தன்னைத்தானே சோதித்துச் சொல்லும் குறிகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலேயே போயிருந்தன.

டிஸ்க் சாகாமலேயே படம் சாவதும் உண்டு. பாதிப் படம் சரியாகத் திறந்து, மீதிப் பாதி சாம்பல் நிறமாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிஸ்க் நன்றாகத்தான் ஓடுகிறது, உள்ளே எழுதியது மாறிவிட்டது. 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. எழுதியது ஒன்று, படித்தபோது கிடைத்தது வேறொன்று என்ற நிலை அதில் நாலு லட்சம் முறைக்கு மேல் பதிவாகியிருந்தது. இப்படிக் கெட்ட ஃபைலை அடுத்த டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் கெட்டதுதான் காப்பியாகும். திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

இங்கே உங்களில் விவரமானவர்கள் குறுக்கிடுவீர்கள். 'எங்களிடம் நாஸ் இருக்கிறது, ரெய்டு போட்டிருக்கிறோம், ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்றில் இருக்கும்.' ரெய்டு நல்லதுதான். டிஸ்க் போன அன்றும் வேலை நிற்காமல் ஓட அது உதவும். ஆனால் அது காக்கும் ஆபத்து அந்த ஒன்று மட்டுமே. தவறிப்போய் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிகிறது. இடி இறங்கி மின்சாரம் பாய்ந்தால் பெட்டியோடு இரண்டும் போகலாம். திருடன் ஒரு டிஸ்க்கை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போவதில்லை. போதாக்குறைக்கு, ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய இரண்டு டிஸ்க்குகள் ஒரே வயதில் தளர்கின்றன. ஒன்று போய், புதியது போட்டு, பழையதிலிருந்து பல மணி நேரம் எல்லாவற்றையும் படித்து எழுதும் அந்த வேளையில்தான் மிச்சமிருக்கும் டிஸ்க் மிகவும் பாடுபடுகிறது.

பூட்டுப் போட்டுப் பணம் கேட்கும் வைரஸ்களும் இப்படிப்பட்ட வீட்டுப் பெட்டிகளைத் தேடித்தான் வருகின்றன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கியூநாப் நாஸ் பெட்டிகளுக்குள் இண்டர்நெட் வழியாகப் புகுந்து ஃபைல்களைப் பூட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் தொலைவிலிருந்தே முழுக்கத் துடைக்கப்பட்டன. மாட்டிக்கொண்டவர்களில் பலர் அந்தப் பெட்டியைத்தான் பேக்கப் என்று நம்பியிருந்தார்கள். நம் ஊர்ப் பக்கம் இதைவிடப் பெரிய வாசல் ஒன்று திறந்து கிடக்கிறது. காசு கொடுக்காமல் இறக்கிய எடிட்டிங் சாஃப்ட்வேர், அதைத் திறக்கும் கிராக் ஃபைல். ஸ்டாப் என்ற வைரஸ் குடும்பம் பெரும்பாலும் இந்தக் கிராக் ஃபைல்களின் முதுகில் ஏறித்தான் வருகிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சாஃப்ட்வேர்களின் விலை சின்ன ஸ்டுடியோவுக்கு எவ்வளவு பாரம் என்பது தெரியும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரோடு சேர்த்து எப்போதும் மாட்டியே வைத்திருக்கும் எந்த டிஸ்க்கும் பேக்கப் ஆகாது. கம்ப்யூட்டர் தொட முடிந்ததை வைரஸும் தொடும்.

அப்படியானால் இன்னொரு டிஸ்க்கில் காப்பி போட்டு, கழற்றி, பீரோவில் வைத்தால் போதாதா? பாதி போதும். மீதிப் பாதிக்கு 2021 நவம்பரை நினைவுபடுத்துகிறேன். மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்து, குடியாத்தத்தில் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதே மழையில், நவம்பர் 19 விடியற்காலையில், பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து குழந்தைகள் உள்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த உயிர்களின் முன் படங்கள் ஒரு பொருட்டே இல்லை. அதனாலேயே இதைச் சொல்கிறேன்: அப்படிப்பட்ட இரவில் யாரும் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள், ஓடவும் கூடாது. பிரதி அதற்கு முன்பே வேறிடத்தில் இருந்தாக வேண்டும். நாஸ் பெட்டியும் பீரோவில் இருக்கும் டிஸ்க்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், தண்ணீருக்கும் தீக்கும் அவை ஒரே பொருள்தான்.

'எங்களிடம் இருக்கும் டேட்டாவின் அளவுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமில்லை' என்ற பதிலை அடிக்கடி கேட்க முடிகிறது. இதே பதிலை ஓர் அரசாங்கமே சொல்லியிருக்கிறது. தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு எரிந்துபோனது. அதற்கு வெளியே பிரதி இல்லை. ஏன் என்று கேட்டபோது, அளவு மிகப் பெரியது, வைக்க இயலவில்லை என்பதே விளக்கமாக வந்தது. அளவு பெரிதாக இருக்கிறது என்றால் இழப்பும் அத்தனை பெரிதாக இருக்கும் என்றுதான் பொருள். பிரதி எடுக்காமல் விட அது காரணமாகாது.

கிளவுடில் ஏற்றலாமே என்று இளைய தம்பிகள் கேட்கிறீர்கள். முடிகிறவர்கள் ஏற்றுங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 4கே வீடியோ நொடிக்கு நூறு மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. வீட்டு இண்டர்நெட்டில் மேலே ஏற்றும் வேகம் 50 மெகாபிட் கிடைத்தாலும், ஒரே ஒரு கல்யாணம் ஏற முழுதாக ஒரு நாள் ஆகும். ஒரு முகூர்த்த நாளில் மூன்று பார்ட்டி எடுக்கிற ஸ்டுடியோவுக்கு இது ஒத்துவராது. தேர்ந்தெடுத்த படங்களையும் முடித்த வீடியோவையும் மட்டும் ஏற்றினால் கட்டுப்படியாகும். இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ இஸ்லாமியக் குடும்பங்கள், பெண்கள் பகுதியின் படங்கள் வெளியே போகக் கூடாது என்று சொல்லித்தான் உங்களை உள்ளே விடுகிறார்கள். அந்தச் சொல்லை நீங்கள் காப்பாற்றி வருகிறீர்கள். இந்தத் தொழிலின் மானமே அதில்தான் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அந்தப் படங்களை யாரோ நடத்தும் சர்வருக்கு அனுப்புவது சரியாகாது.

எனவே நான் உங்களிடம் கேட்பது வேறொரு வழி. பீட்டர் க்ரோக் என்று அமெரிக்காவில் ஒரு போட்டோகிராபர். கம்ப்யூட்டர் உலகம் முழுவதும் இன்று ஓதும் ஒரு விதியைப் போட்டோகிராபர்களுக்காக எழுதியவர் அவர்தான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறிடத்தில். உங்கள் தொழிலில் பிறந்த விதி இது. இதில் கடினமானது அந்த வேறிடம். அதற்கு நீங்கள் இரண்டிரண்டு பேராகச் சேருங்கள். குடியாத்தம் ஸ்டுடியோ ஒன்று ஆம்பூர் ஸ்டுடியோ ஒன்றோடு. பேரணாம்பட்டில் இருப்பவர் வாணியம்பாடியில் இருப்பவரோடு. மாதம் ஒரு முறை, எப்படியும் ஆல்பம் அச்சுக்கோ பொருள் வாங்கவோ போய்வருகிற பயணத்தில், உங்கள் டிஸ்க்கை அவரிடம் கொடுத்து, அவருடையதை வாங்கி வந்து வையுங்கள். ஒரே ஆற்றங்கரையில் இருக்கும் இருவர் சேர வேண்டாம், ஒரே தெருவில் இருக்கும் இருவர் சேரவே வேண்டாம்.

'போட்டிக்காரன் கையில் என் டேட்டாவா?' நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் பட்டியலும் வேலையும் அதில்தான் இருக்கின்றன. அதைவிட, அந்தப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. ஆகவே டிஸ்க்கைப் பூட்டாமல் கொடுக்காதீர்கள். வெராகிரிப்ட் என்ற இலவச சாஃப்ட்வேர் முழு டிஸ்க்கையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடும். விண்டோஸின் உயர்நிலைப் பதிப்புகளில் பிட்லாக்கர் ஏற்கெனவே இருக்கிறது. பூட்டிய டிஸ்க் மற்றவர் கையில் வெறும் உலோகம். ஆனால் பாஸ்வேர்டு தொலைந்தால் உங்களுக்கும் அது வெறும் உலோகம்தான். அதை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, வீட்டில் பொறுப்பானவர் ஒருவரிடம் கொடுங்கள், டிஸ்க் இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். நாளை உங்களுக்கு ஏதாவது ஆனால் ஊர்ப் படங்கள் உங்களோடு போய்விடக் கூடாது.

செலவு என்பதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். டிஸ்க் விலை இறங்கவில்லை, பேக்கேஜ் ரேட்டை ஒருவரையொருவர் அடித்துக் குறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றையும் என்றென்றும் மூன்று இடத்தில் வைக்கச் சொல்லவில்லை. ஆல்பமும் வீடியோவும் கைமாறும்வரை எல்லா ஃபைலும் மூன்று இடத்தில் இருக்கட்டும். மண்டபத்திலிருந்து வந்ததும் இரண்டு காப்பி ஆகும்வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். கைமாறி ஓர் ஆண்டு கழித்து, ஆடிப்போன ட்ரோன் ஷாட்டும் ஓடிக்கொண்டே இருந்த ஓரக் கேமராவும் போகலாம். படங்களும் முடித்த வீடியோவும் நிற்கட்டும். அப்போது ஒரு கல்யாணம் சில நூறு ஜிபியிலிருந்து ஐம்பது, அறுபது ஜிபிக்கு இறங்கிவிடும். அதை மூன்று இடத்தில் வைக்க ஆகும் தொகையைப் பேக்கேஜில் தனி வரியாகக் காட்டிக் கேளுங்கள். கல்யாண மாலைக்கும் மேடை ஜோடனைக்கும் கணக்குப் பாராத வீடுகள், எதற்கென்று சொல்லிக் கேட்டால் இதற்கும் கொடுப்பார்கள்.

'பென்டிரைவில் கொடுத்துவிட்டோம், எங்கள் பொறுப்பு அதோடு முடிந்தது. மூன்று மாதம்தான் வைப்போம் என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம்.' பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டதைக் கல்யாண வீட்டில் யார் படித்தார்கள்? பென்டிரைவ் நீண்டகாலம் மின்சாரம் படாமல் டிராயரில் கிடந்தால் எழுதியது மங்கும் சாதனம் என்பதை நீங்கள் சொன்னீர்களா? ஆல்பம் கொடுப்பதற்கு முன்பே டேட்டா போனால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சேவைக் குறைபாடு என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த நான் வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அரசு சிறப்பு முகாம் போட்டு ரேஷன் கார்டும் மதிப்பெண் சான்றிதழும் பட்டாவும் புதிதாகக் கொடுத்தது, பாஸ்போர்ட்டைக் கட்டணமில்லாமல் மாற்றித் தந்தார்கள். நனைந்துபோன கல்யாணப் படத்துக்கு மாற்றுப் பிரதி தரும் அலுவலகம் எதுவும் இல்லை. இருக்கக்கூடிய ஒரே அலுவலகம் உங்கள் ஸ்டுடியோதான். எத்தனை காலம் வைப்பீர்கள் என்பதைப் பில்லின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தக் காலம் முடியும்போது அழிப்பதற்கு முன் ஒரு போன் செய்து, 'டிஸ்க் கொண்டுவந்தால் எல்லாவற்றையும் போட்டுத் தருகிறோம்' என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, பேக்கப் எடுக்கிறவர்களிலும் பலர் விட்டுவிடுவது. எடுத்த பிரதி திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கிட்லேப் என்ற பெரிய சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறான கம்ப்யூட்டரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமாகப் பிரதி எடுக்க ஏற்பாடு இருந்தது. தேவைப்பட்ட அன்று பார்த்தால் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. தினமும் ஓடுவதாக நினைத்த பேக்கப்பின் இடம் காலியாக இருந்தது, தோல்வி என்று போன மின்னஞ்சல்களும் வந்து சேராமலே இருந்திருந்தன. தற்செயலாக வேறு காரணத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அதைத் தொழிலாகவே செய்கிறவர்களுக்கு இந்தக் கதி என்றால், கல்யாண அவசரத்தில் இழுத்துப் போட்ட காப்பி முழுதாக ஏறியதா என்று பார்க்காமல் நாம் எப்படி நம்புவது? காப்பி போடும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை போல ஓர் எண்ணைக் கணக்கிட்டு எழுதிவைக்கும் இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து அதே எண்ணை மறுபடி கணக்கிட்டால், மாறிப்போன ஃபைல் எது என்று தெரிந்துவிடும். மாறாத பிரதி இன்னொரு ஊரில் இருந்தால் அதிலிருந்து சரிசெய்துகொள்ளலாம்.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உங்களில் பெரும்பாலோருக்கு ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். லென்ஸைத் துடைத்து, கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் அந்த நாட்களில் இரண்டு நாளை இதற்கு ஒதுக்குங்கள். பார்ட்னரிடமிருந்து டிஸ்க்கை வாங்கி, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஐந்து வருடத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு கல்யாணத்தைத் திறந்து, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஓட்டிப் பாருங்கள். ஐந்து வயதைத் தாண்டிய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதற்கு மாற்றுங்கள்.

ஒவ்வோர் ஊரிலும் போட்டோ, வீடியோ தொழில் செய்கிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. குறைந்தபட்ச ரேட்டும் விடுமுறை நாளும் அங்கே கூடித்தான் பேசுகிறீர்கள். வருகிற ஆடி மாதத்துக்குள் நான்கு ஊர்ச் சங்கங்களும் ஒரு நாள் ஒன்றாகக் கூடுங்கள். யார் யாரோடு சேர்வது என்று அங்கேயே ஜோடி எழுதுங்கள். டிஸ்க்கைப் பூட்டத் தெரிந்த தம்பிகள் தெரியாத பெரியவர்களுக்கு அன்றே உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள். நெகட்டிவ் கவர்களை இன்னும் அலமாரியில் வைத்திருக்கும் மூத்த ஸ்டுடியோக்காரர்களையும் கூப்பிடுங்கள், அவற்றை ஸ்கேன் செய்யும் வேலையைச் சங்கம் ஏற்கட்டும். முதல் மாதத்துக்கு ஒரே ஒரு டிஸ்க் போதும்: இந்த ஆண்டு எடுத்த கல்யாணங்கள் மட்டும், பூட்டி, பெயர் எழுதி, பக்கத்து ஊருக்கு.